லிஃப்ட் கிட் போட்ட பழைய ராங்லர்: நம்பி வாங்கலாமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். 2013 மாடல், நான்கு கதவு ஜீப் ராங்லர், மீட்டரில் 1,10,000 கிலோமீட்டர். வண்டியின் உயரத்தைக் கூட்டுகிற லிஃப்ட் கிட்டும் 35 அங்குல டயரும் போட்டிருக்கிறார்கள். வாங்க நினைப்பவருக்கு இதுதான் ஒரே வண்டியாக இருக்கப்போகிறது. தினமும் வேலைக்குப் போய்வர 40 கிலோமீட்டர், ஆண்டுக்கு நாலைந்து முறை மலை, காடு. நம்பகத்தன்மைப் பட்டியல்களில் ராங்லர் எப்போதும் அடியில்தான் கிடக்கிறது. ஆனால் வைத்திருப்பவர்களைக் கேட்டால் உயிரை விட்டாலும் வண்டியை விட மாட்டேன் என்கிறார்கள். யார் சொல்வதை நம்புவது?

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வேறு வேறு விஷயத்தைப் பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

பட்டியலை எப்படிப் போடுகிறார்கள் என்று பாருங்கள். ஜே.டி. பவர் ஆய்வில் மூன்று வயதான வண்டிகளின் சொந்தக்காரர்களிடம் கேட்டு, நூறு வண்டிக்கு எத்தனை பிரச்சினை என்று எண்ணுகிறார்கள். போன் ப்ளூடூத்தில் சேரவில்லை என்பதும் ஒரு பிரச்சினை, கியர் பாக்ஸ் போய்விட்டது என்பதும் ஒரு பிரச்சினை. கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதில் கொஞ்சம் பரவாயில்லை, இன்ஜின், கியர் பாக்ஸ் போன்ற பெரிய பழுதுகளுக்குக் கூடுதல் எடை கொடுக்கிறார்கள். இருந்தாலும், கூரையையும் கதவையும் கழற்றி வைக்கிற மாதிரி செய்த வண்டியில் மழை ஒழுகுவதும் காற்று இரைவதும் புகாராக ஏறத்தான் செய்யும். ஆக, முதல் சில ஆண்டுகளில் வண்டி உங்களை எவ்வளவு எரிச்சல்படுத்தும் என்பதைப் பட்டியல் நன்றாகவே சொல்கிறது. பத்து வயதுக்கு மேல், மூன்றாவது கைக்குப் போகிற வண்டியைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

நம்பகம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், உண்மையில் அது மூன்று கேள்வி. எத்தனை தடவை பழுதாகும்? எலும்புக்கூடு எத்தனை வருடம் தாங்கும்? நடுக்காட்டில் நின்றுவிட்டால் ஏதாவது கட்டி, முடுக்கி வீடு வந்து சேர முடியுமா? நகரத்துக் காருக்கு முதல் கேள்வி போதும். காட்டுக்குப் போகிற வண்டிக்கு மூன்றாவதுதான் உயிர். பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டரில் எண்ணெய் கசியாத இடம் தேடினாலும் கிடைக்காது, ஆனால் ஒரு ஸ்பேனர் செட்டும் பொறுமையும் இருந்தால் ரோட்டோரத்திலேயே பாதி வண்டியைக் கழற்றி மாட்டிவிடலாம். 2016 ஜனவரியில் அதன் உற்பத்தி நின்றது. அதன் பெயரிலேயே அடுத்து வந்த வண்டிக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, எல்லாம் ஒரே அலுமினியக் கூடு. ஏர் சஸ்பென்ஷனோடு 900 மில்லிமீட்டர் தண்ணீரில் இறங்கும் என்கிறார்கள். பழையதைவிடப் பல மடங்கு சொகுசு. ஆனால் அந்த ஏர் சஸ்பென்ஷன் காட்டுக்குள் மக்கர் செய்தால் ஸ்பேனரை வைத்துக்கொண்டு ஒன்றும் பண்ண முடியாது.

நம்பகம் என்றதும் எல்லோரும் சொல்வது டொயோட்டா லேண்ட் க்ரூசர். அதில் 70 சீரிஸ் 1984இல் வந்தது, இன்னமும் செய்கிறார்கள். அதில் நெடுங்காலம் ஓடிய 1எச்இசட் டீசல் இன்ஜினைப் பாருங்கள்: ஆறு சிலிண்டர், 4.2 லிட்டர், டர்போ கிடையாது, கிடைப்பது ஏறத்தாழ 130 குதிரைத்திறன். இன்றைக்கு அதில் பாதி அளவு இன்ஜினே அதைத் தாண்டுகிறது. ரகசியமே அந்தச் சோம்பேறித்தனம்தான். தன்னால் முடிந்ததில் பாதியைக்கூடச் செய்யச் சொல்லாததால் எதுவும் சீக்கிரம் தேயவில்லை. அதனால் பெயரை வைத்து மட்டும் முடிவு பண்ணாதீர்கள். அதே டொயோட்டா 2024இல், உற்பத்தியின்போது உள்ளே தங்கிவிட்ட உலோகத் துகள்களால் மெயின் பேரிங் போகிறது என்று சுமார் ஒரு லட்சம் டண்ட்ரா, லெக்ஸஸ் எல்எக்ஸ் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. இரட்டை டர்போ வி6 இன்ஜின் அது. நம்பகம் ஒரு குறிப்பிட்ட இன்ஜினுக்கும் ஒரு குறிப்பிட்ட காலத்துக்கும்தான் சொந்தம், முன்னால் ஒட்டியிருக்கிற சின்னத்துக்குச் சொந்தமில்லை.

எடையையும் பலர் யோசிப்பதில்லை. சுஸூகி ஜிம்னி ஏறத்தாழ 1,100 கிலோதான். ஏணிச் சேஸிஸ், முன்னும் பின்னும் முழு ஆக்சில் (இரண்டு பக்கச் சக்கரங்களையும் ஒரே தண்டாக இணைப்பது), சாது இன்ஜின். ராங்லர் நான்கு கதவு அதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கனம். ஒரே பள்ளத்தில் இரண்டும் இறங்கினால் எதன் பால் ஜாயிண்ட் (சக்கரத்தைத் திரும்ப விடுகிற மூட்டு) முதலில் அழும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம்.

2012 முதல் ராங்லரில் வந்தது 3.6 லிட்டர் பெண்டாஸ்டார் வி6. அடிப்படையில் நல்ல இன்ஜின், அதற்கு முன்னால் இருந்த 3.8ஐவிட எவ்வளவோ மேல். ஆனால் 2013 வரையான ஆரம்ப கால இன்ஜின்களில் இடப் பக்க சிலிண்டர் ஹெட் தகராறு செய்தது. வால்வ் சீட் தேய்ந்து, டிக் டிக் என்று சத்தம் வந்து, மிஸ்ஃபயர் விளக்கு எரியும். கம்பெனியே அந்த ஹெட்டுக்கு மட்டும் வாரண்டியை 10 ஆண்டு அல்லது 1,50,000 மைல் என்று நீட்ட வேண்டிவந்தது. உங்கள் வண்டிக்கு அந்தப் பத்து ஆண்டு முடிந்துவிட்டது. அதனால் ஹெட் ஏற்கெனவே மாற்றியிருந்தால் பயப்படாதீர்கள், அது நல்ல செய்தி. ரசீது கேளுங்கள்.

இதே இன்ஜினில் இன்னொரு வியாதி உண்டு. இரண்டு பக்க சிலிண்டர்களுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் ஆயில் ஃபில்டர் ஹவுசிங் உட்கார்ந்திருக்கிறது. பிளாஸ்டிக். வருடக்கணக்கில் வெந்து வெந்து விரிசல் விட்டு ஆயில் கசியும். கசிந்தது அந்தப் பள்ளத்திலேயே குளம்போல் தேங்கி, பின்பக்கமாக வழிந்து கியர் பாக்ஸ் சேரும் இடத்தில் சொட்டும். கீழே படுத்துப் பார்க்கிற மெக்கானிக், பின்னால் உள்ள மெயின் சீல் போய்விட்டது, கியர் பாக்ஸை இறக்க வேண்டும் என்பார். இறக்கி, சீல் மாற்றி, ஏற்றி, ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அதே சொட்டு. டார்ச் அடித்து மேலிருந்து அந்தப் பள்ளத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும் சமாச்சாரம் இது.

இன்ஜின் கதை இவ்வளவுதான், சமாளித்துவிடலாம். எனக்கு உறுத்துவது அந்த 35 அங்குல டயர்.

கம்பெனி கொடுத்த டயர், காட்டுக்கென்றே செய்த ரூபிகான் மாடலில் சுமார் 32 அங்குலம், சாதாரண ஸ்போர்ட்டில் 29 பக்கம். 32லிருந்து 35க்குப் போனாலே சுற்றளவு 9 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. கம்ப்யூட்டரில் டயர் அளவை மாற்றிப் பதியவில்லை என்றால், முள் 100 காட்டும்போது வண்டி 109இல் போகிறது. அதோடு ஓடோமீட்டரும் குறைத்தே எண்ணுகிறது. நீங்கள் பார்த்த 1,10,000க்குள் எத்தனை கிலோமீட்டர் இந்தப் பெரிய டயரில் ஓடியது என்று கேளுங்கள். அந்தப் பகுதிக்கு நூற்றுக்கு ஒன்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்போர்ட் மாடலாக இருந்தால் நூற்றுக்குப் பதினெட்டு, இருபதுகூட ஆகும்.

அடுத்தது கியர் விகிதம். ஆக்சிலில் 3.73 இருந்தால் (சக்கரம் ஒரு முறை சுற்ற ஷாஃப்ட் 3.73 முறை சுற்றுகிறது என்று அர்த்தம்), 32 போய் 35 வந்ததும் அது 3.41 மாதிரி நடந்துகொள்ளும். இன்ஜினும் கியர் பாக்ஸும் எந்நேரமும் மூச்சு வாங்கும், கியர் பாக்ஸ் எண்ணெய் சூடேறும், டாப் கியரில் நிலைக்காமல் மேலும் கீழும் அல்லாடும். விஷயம் தெரிந்தவர்கள் 35 போட்டால் கூடவே ஆக்சில் கியரை 4.56, 4.88 என்று மாற்றிவிடுவார்கள். மாற்றியிருந்தால் நல்லது, ஆனால் யார் செய்தது என்று கேட்க வேண்டும். ரிங் கியரையும் பினியனையும் ஒன்றோடொன்று சேர்த்து உட்கார வைப்பது மயிரிழை பிசகாமல் செய்ய வேண்டிய நுணுக்கமான வேலை. சரியாகச் செய்யாவிட்டால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஊளையிடும். ஆக்சிலரேட்டரை விட்டதும் சத்தம் மாறினால் கியர்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

டயர் ஒவ்வொன்றும் பழையதைவிடப் பல கிலோ கூடுதல் கனம். அந்தக் கனம் ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குகிறது. ஒவ்வொரு குழிக்கும் பால் ஜாயிண்ட், வீல் பேரிங், டை ராட் எண்ட் எல்லாம் அடி வாங்குகின்றன. ரூபிகான் என்றால் முன்பக்கமும் டானா 44 ஆக்சில், கொஞ்சம் தாங்கும். மற்ற மாடல்களில் முன்னால் இருப்பது அதைவிடச் சிறிய டானா 30. முப்பத்தைந்தைப் போட்டு அதைப் பாறைமேல் ஏற்றியிருந்தால், குருவி தலையில் பனங்காய்தான்.

இதன் உச்சக்கட்டத்துக்கு டெத் வாபிள் என்று பெயர். முன்னால் முழு ஆக்சில் உள்ள எந்த வண்டிக்கும் வரலாம். 2018இல் வந்த புதிய தலைமுறை ராங்லரிலேயே புகார் கிளம்பி, 2019இல் கம்பெனி ஸ்டீரிங் டாம்பரை இலவசமாக மாற்றிக்கொடுத்தது. எனக்கு வேறொரு வண்டியில் நடந்தது. எண்பதில் போய்க்கொண்டிருந்தேன், பாலத்து இணைப்பில் ஒரு சின்ன அடி. ஸ்டீரிங் என் கையைப் பிடுங்கிக்கொண்டு ஆட ஆரம்பித்தது. டாஷ்போர்டு தெரியவில்லை, பல் கிட்டிக்கொண்டது. முன்பக்கம் தனியே கழன்று போகிறது என்றுதான் நினைத்தேன். திருப்பவும் இல்லை, பிரேக்கை உதைக்கவும் இல்லை, ஆக்சிலரேட்டரை மட்டும் மெதுவாக விட்டேன். ஐம்பதுக்குக் கீழே வந்ததும் ஒன்றுமே நடக்காதது மாதிரி நின்றுவிட்டது. பட்டறையில் டாம்பரை மாற்றிக்கொடுத்தார்கள். இரண்டு மாதம் சுகம். மறுபடியும் அதே ஆட்டம். டாம்பர் ஆட்டத்தை அமுக்கி வைக்குமே தவிர நோயைத் தீர்க்காது. கடைசியில் பார்த்தால், ஆக்சிலை இடவலமாக நகராமல் பிடிக்கிற டிராக் பார் இருக்கிறதே, அதன் போல்ட் ஓட்டை வட்டமாக இல்லாமல் முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. லிஃப்ட் போட்டவர் அந்த போல்ட்டைச் சரியான இறுக்கத்துக்கு முடுக்கவில்லை, நாள்பட ஆடி ஆடித் தின்றுவிட்டது.

வாங்கும்போது இதைச் சோதிப்பது சுலபம். நான்கு சக்கரமும் தரையில் இருக்கட்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை ஓடவிட்டு, கூட வந்தவரை ஸ்டீரிங்கைக் கால் சுற்று இடமும் வலமும் ஆட்டச் சொல்லுங்கள். முன்பக்கமாகக் குனிந்து டிராக் பாரின் இரண்டு முனைகளையும் பாருங்கள். முனையும் அது மாட்டியிருக்கிற பிராக்கெட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். முனை முதலில் துள்ளி, பிராக்கெட் அசையாமல் இருந்தால் அங்கே இடைவெளி விழுந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாததுகூட விரல் வைத்தால் தெரியும், ஒரு சின்ன ‘டொக்’.

தண்ணீர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விற்பவர் இதைச் சொல்லவே மாட்டார். ராங்லரை 762 மில்லிமீட்டர், அதாவது 30 அங்குலம் வரை தண்ணீரில் இறக்கலாம் என்பது கம்பெனிக் கணக்கு. ஆழம் அதற்குள் இருந்தாலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. ஓடிச் சூடாகியிருக்கும் டிஃபரன்ஷியல் (ஆக்சில் நடுவில் உள்ள கியர் உருண்டை) திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். மேலே காற்று போய்வர உள்ள ப்ரீதர் குழாய் அடைத்திருந்தாலோ குட்டையாக இருந்தாலோ, அந்தச் சுருக்கம் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். ஒருமுறை ஆற்றைக் கடந்த பிறகு நாலு மாதம் கழித்துத்தான் நான் பின் டிஃபரன்ஷியல் பிளக்கைத் திறந்தேன், சோம்பேறித்தனம்தான். ஒழுகியது எண்ணெய் மாதிரியே இல்லை, பால் அதிகம் விட்ட காபி மாதிரி இருந்தது. பேரிங் அதற்குள் துரு ஏறிக் கரகரத்துவிட்டது. காற்று இழுக்கும் குழாய் வழியாக இன்ஜினுக்குள் தண்ணீர் போனால் கதை இன்னும் மோசம். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வர வழியில்லாமல் கனெக்டிங் ராட் வளைந்துவிடும்.

அதனால் பார்க்கப் போகும்போது டிஃபரன்ஷியல் எண்ணெயைக் கொஞ்சம் எடுத்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். பிளக்கில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறத்தில் மசி மாதிரி ஒட்டியிருப்பது இயல்பு. விரலில் குத்துகிற மாதிரி செதில் இருந்தால் கியர் பல் உடைந்திருக்கிறது. இதற்குச் சம்மதிக்காத விற்பனையாளர்கள் நிறைய. சம்மதிக்காததும் ஒரு தகவல்தான்.

சேஸிஸ் துருவைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. இன்ஜினை மாற்றலாம், கியர் பாக்ஸை மாற்றலாம், சேஸிஸ் போனால் வண்டி போனது. பின் சக்கரத்துக்கு முன்னால், கண்ட்ரோல் ஆர்ம் மாட்டும் இடங்களில், பெட்டி மாதிரி மூடிய பகுதிகளுக்குள் சேறு போய்த் தங்கி ஈரம் காயாமல் உள்ளிருந்து அரிக்கும். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீர் என்று சொல்லும், அரித்த இடம் சட்டென்று மந்தமாகும். அடியில் மட்டும் புத்தம் புதிதாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தால் இன்னும் பலமாகத் தட்டுங்கள்.

இப்போது உங்கள் தினசரி 40 கிலோமீட்டர். இந்த மாதிரி வண்டியைக் காடு கெடுப்பதைவிட நகரத்துக் குட்டிப் பயணங்கள் அதிகம் கெடுக்கும் என்றால் நம்ப மாட்டீர்கள். புதிய டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் இருக்கிறது. அது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள ஃபில்டருக்குள் சுமார் 600 டிகிரி சூடு வேண்டும், அது கொஞ்ச நேரம் நிலைக்கவும் வேண்டும். ஐந்து கிலோமீட்டர் போய் அணைத்து, மறுபடி ஐந்து கிலோமீட்டர் என்று ஓட்டினால் அடைத்துக்கொள்ளும். உங்களுடையது பெட்ரோல், ஒரு தடவைக்கு 20 கிலோமீட்டர், அதனால் தப்பித்தீர்கள். இன்னொன்று, ஃபோர் வீல் லீவரைத் தொடாமலே ஓட்டுகிறவர்கள். முன், பின் ஆக்சில்களுக்குத் திறனைப் பிரித்து அனுப்புகிற டிரான்ஸ்ஃபர் கேஸில் எண்ணெய் சுற்றாமல், இணைப்புகள் இறுகி, தேவைப்படுகிற அன்றைக்கு லீவர் அசையாது. மாதம் ஒருமுறை 16 கிலோமீட்டராவது ஃபோர் வீலில் ஓட்டுங்கள் என்று டொயோட்டா கையேடுகளிலேயே போட்டிருக்கிறது. ஆனால் பகுதிநேர ஃபோர் வீல் உள்ள வண்டியைக் காய்ந்த தார் ரோட்டில் அப்படி ஓட்டக் கூடாது. வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் உருள வேண்டும். நடுவில் விட்டுக்கொடுக்க ஆள் இல்லாததால் ஷாஃப்ட்டுகள் முறுக்கேறிக்கொள்ளும். மண் ரோடோ ஈர ரோடோ பார்த்துச் செய்யுங்கள்.

சர்வீஸ் அட்டவணையில் கடும் பயன்பாடு என்று தனியாக ஒன்று போட்டிருப்பார்கள். தூசி, தண்ணீர், இழுவை எல்லாம் அதில் வரும். ஆண்டுக்கு நாலு தடவைதானே போகிறோம் என்று பலர் சாதாரண அட்டவணையையே பின்பற்றுவார்கள். தப்பு. ஒரே ஒரு ஆற்றைக் கடந்தாலும் அந்த வாரமே எண்ணெயைப் பார்த்தாக வேண்டும்.

ஆக, என் கருத்து. ஒரே வண்டியாக வைத்துக்கொள்ள ராங்லர் தகுமா என்றால், தகும். மாற்றம் எதுவும் செய்யாத, ரசீதுகள் உள்ள, ஒரே கையில் இருந்த வண்டியாக இருந்தால். நீங்கள் சொல்லும் இந்த வண்டியை ஒரே வண்டியாக வாங்க நான் யோசிப்பேன். ராங்லர் என்பதற்காக யோசிக்கவில்லை. யார், எந்த அவசரத்தில், எந்த போல்ட்டை எப்படி முடுக்கினார் என்று தெரியாத ஒரு லிஃப்ட் கிட் அதில் இருக்கிறது. வைத்திருக்கிறவர் வேலைக்குப் போக இன்னொரு கார் வைத்திருப்பார், இது பட்டறையில் இரண்டு வாரம் கிடந்தாலும் அவருக்குச் சிரிப்புதான் வரும். உங்களுக்குத் திங்கட்கிழமை காலையில் அது ஸ்டார்ட் ஆகியே தீர வேண்டும். ஆண்டுக்கு நாலைந்து முறை காட்டுக்குப் போக 35 அங்குலம் தேவையும் இல்லை. கம்பெனி டயரில் காற்றை 18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினாலே மணலிலும் கல்லிலும் நீங்கள் நினைப்பதைவிட அதிக தூரம் போகும். திரும்பி ரோட்டுக்கு வந்ததும் காற்றை ஏற்ற ஒரு சின்ன கம்ப்ரஸர் வைத்துக்கொண்டால் போதும்.

மனசு கேட்கவில்லை, இதைத்தான் வாங்குவேன் என்றால், வாங்கிய முதல் மாதமே முன் பக்க பால் ஜாயிண்ட், டிராக் பார், டை ராட் எண்ட், எல்லா எண்ணெய்களும் மாற்றும் செலவை வண்டி விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள். யானையைக் கட்டப் போகிறவர் தீனியையும் எண்ணி வைத்துக்கொள்ள வேண்டும்.

பார்க்கப் போகிற அன்று, நான் வரும்வரை இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் முதல் வேலையாக பானட்டில் கை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால், பேசிக்கொண்டே வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள். ஜில்லென்று இருந்தால் ஸ்டார்ட் செய்யச் சொல்லி, இடப் பக்கம் நின்று, முழுதாகச் சூடேறும்வரை காதைக் கொடுத்துக் கேளுங்கள். அந்த டிக் டிக் சூடேறிய பிறகும் அடங்கவில்லையென்றால் டிராக் பாரைப் பார்க்கக் குனிய வேண்டிய வேலையே உங்களுக்கு இல்லை.